கிணற்றுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே, உடைமரங்கள் நிற்கும் மேட்டில், ஓலைக்கூரை வேய்ந்த பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் மங்களேசுவரி. ஊரார் அவரை டீச்சர் என்றார்கள். பிள்ளைகளும் டீச்சர் என்றார்கள். இருளப்பன் ஒருவர் மட்டும் குரு என்றார்.

குருவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. சீடருக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது.

இருளப்பன் தோணிகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்தவர். பெயரை யாராவது ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து அப்படியே ஆள் உயரத்துக்கு வரைவார். கரையிலிருந்து பார்த்தால் அந்த எழுத்து பளிச்சென்று தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

முதல் நாள் வந்து வாசலில் நின்றார்.

"என்னைச் சீடனா சேத்துக்கிடணும் அம்மா."

"என்ன தெரியும் அண்ணாச்சி?"

"படம் போடுவேன்."

"எழுத்து?"

"அதையும் படமாத்தான் போடுவேன்."

குரு சிரிக்கவில்லை. முதல் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தார்.

"ஏல மிக்கேல், தள்ளி உக்காரு. புதுசா ஒருத்தர் சேந்திருக்காரு."

மிக்கேல் மீன்பிடிக்கிற வீட்டுப் பையன். வந்தவரை மேலும் கீழும் பார்த்தான். "தாத்தா, பலகை கொண்டாந்தியளா?" என்று கேட்டான். இருளப்பன் கொண்டுவரவில்லை. அவன் தன் பலகையில் பாதியை அவருக்கு விட்டுக்கொடுத்தான்.

இருளப்பன் வந்த காரணம் வேறு.

சின்ன வயதில் அவரும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனவர்தான். அது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகளுக்கு ஒரு படப் புத்தகம் உண்டு. அதில் ஓட்டு வீடு இருக்கும், மாமரம் இருக்கும், வகிடு எடுத்துத் தலை வாரிய பையனும் ரிப்பன் கட்டிய பெண்ணும் குடை பிடித்த அப்பாவும் இருப்பார்கள். கிணற்றடியில் அம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பாள். உப்பளத்துப் பிள்ளை இருளப்பன் அந்தப் புத்தகத்தை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டிப் பார்த்தான். பிறகு அடுப்பங்கரையிலிருந்து ஒரு சிரட்டைக்கரித் துண்டை எடுத்து வந்து, கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் சட்டை போடாத ஒரு பையனை வரைந்து வைத்தான்.

வாத்தியார் பார்த்தார். "புத்தகத்தை நாசம் பண்ணவா வந்தே?" என்று கேட்டு, விரல் முட்டியில் பிரம்பால் அடித்தார். மறுநாளிலிருந்து இருளப்பன் பள்ளிக்கூடம் போகவில்லை.

அந்த வாத்தியார் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. இருளப்பன் இன்னும் அவரை விட்டபாடில்லை. அந்தப் பள்ளிக்கூடம் இருக்கும் தெரு வழியாகப் போக நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். பள்ளிக்கூடத்துக்குப் பெயர்ப்பலகை எழுத ஒருமுறை கூப்பிட்டு அனுப்பினார்கள். "பெயிண்ட் தீந்துபோச்சுன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் பக்கத்தில் மூன்று டப்பா நிறையப் பெயிண்ட் இருந்தது. இந்தக் கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியாது.

மங்களேசுவரி டீச்சர் தன் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு படப் புத்தகம் செய்யப்போகிறார் என்று இருளப்பன் கேள்விப்பட்டார். புத்தகம் சரியாக வந்தால் அச்சடித்துக் கரையோரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அனுப்புவார்களாம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகுமாம்.

அதைக் கேட்டுத்தான் வந்தார். அந்த வாத்தியாருடைய பழைய மேசைமேல் தன் கையால் போட்ட புத்தகம் இருக்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

இருக்கிற வித்தையெல்லாம் காட்டி இருளப்பன் படம் போட்டார். மாமரத்தில் இலை இலையாக எழுதினார். வீட்டின் ஓடுகளை வரிசை பிசகாமல் அடுக்கினார். முடித்துக் கொண்டுவந்து குருவின் முன்னால் வைத்தார்.

குரு புத்தகத்தைத் திறக்கவில்லை.

"பிள்ளைகள்ட்ட குடுங்க அண்ணாச்சி."

"நீங்க பாக்க வேண்டாமா அம்மா?"

"நான் பாத்தா படத்தைப் பாத்துருவேன்."

சீடருக்குப் புரியவில்லை.

பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் படம் எது கையில் கிடைத்தாலும் முதலில் அதில் இடம் பிடிப்பார்கள். படத்தில் ஒரு உருவத்தின்மேல் விரலை வைத்து, "இது நான்" என்று சொல்லவேண்டும். முதலில் வைத்தவருக்கு அது சொந்தம். அதற்குப் பிறகு வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எல்லா ஊர்ப் பிள்ளைகளும் விளையாடுவதுதான். மற்றப் பள்ளிகளில் இதைப் பார்த்தால், "சத்தம் போடாதே, எழுத்தைப் பார்" என்பார்கள். இந்தப் பள்ளியில் இடம் பிடித்து முடிக்கும்வரை எழுத்துப் பேச்சே கிடையாது.

குரு மதியச் சோற்றுக்கான அரிசியை முறத்தில் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கல் பொறுக்கத் தொடங்கினார்.

பாயில் புத்தகம் திறந்தது.

"ஏல, பை வச்சிருக்கவன் நான்!"

"ரிப்பன் நான்! ரெண்டு ரிப்பனும் நான்!" இது மைதீன்பாத்து. வளையல் கடைக்காரர் மகள்.

"ரெண்டும் ஒரே தலையிலதான் இருக்கு, தெரியுமா?"

"குடை நான்!"

"குடையா? அது அப்பால்லா. நீ அப்பாவா?"

"ஆமா. போய் பீடி வாங்கிட்டு வா."

இருளப்பனுக்கு உள்ளம் குளிர்ந்தது. பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் அளவுக்குப் படம் வந்திருக்கிறது.

பாயின் ஓரத்தில் வடிவு இருந்தாள். சுடலைவடிவு என்று பெயர். உப்பளத்தில் வேலை செய்பவர் மகள். இடது கால் சூம்பியிருக்கும். கவட்டையாகப் பிரிந்த கம்பு ஒன்றைக் கக்கத்தில் கொடுத்து ஊன்றித்தான் நடப்பாள். புத்தகம் அவள் பக்கம் கடைசியாக வந்தது. அவள் அவசரப்படாமல் தாள் தாளாகப் புரட்டினாள். ஒருமுறை முன்னாலிருந்து, ஒருமுறை பின்னாலிருந்து. பிறகு மாமரத்தடியில் நின்ற ஆட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இது நான்."

எல்லோரும் சிரித்தார்கள். "ம்மே" என்றான் மிக்கேல். வடிவும் சிரித்துக்கொண்டே "ம்மே" என்றாள்.

குருவின் விரல் முறத்தில் நின்றது. பிறகு மறுபடியும் கல் பொறுக்கியது.

பிள்ளைகள் விளையாடப் போனபின் இருளப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"புத்தகம் எப்படி அம்மா?"

"ஆடு நல்லா வந்திருக்கு போல."

"அது அந்தப் பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லுச்சு. ஆடு போதும்னு அதுக்கே தோணியிருக்கு. சிரிச்சிட்டுத்தான இருந்துச்சு?"

"ஆமா. நல்லா சிரிச்சா."

குரு ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்.

"நீங்க சின்னதுல எதைப் பிடிச்சிய அண்ணாச்சி?"

இருளப்பன் எழுந்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

போய் விரித்துவைத்துப் பார்த்தார். ஓட்டு வீடு. வகிடு எடுத்த பையன். ரிப்பன். குடை. இந்த மணலில் மாமரத்தை எங்கே பார்த்தோம் என்று யோசித்தார். கிணற்றடியில் அம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷமாக எந்தப் புத்தகத்தைத் திட்டிக்கொண்டிருந்தாரோ, அதையே ஒரு கோடு பிசகாமல் மறுபடியும் போட்டு வைத்திருந்தார்.

மனுஷனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த எரிச்சலோடு இரண்டாவது புத்தகத்தைப் போட்டார். மாமரம் போயிற்று, குடை போயிற்று, வகிடு எடுத்தவன் போனான். உப்பளம் வந்தது. புயலில் கிழிந்த வலையைப் பார்த்து ஒரு மீனவர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். பனையேறியின் நெஞ்சுக் காய்ப்பு தெரிந்தது. ஒரு பக்கம் முழுவதும் ஒரு பெண்பிள்ளை. கக்கத்தில் கம்பு, தலையில் உப்புக் கூடை, சூம்பிய கால், கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். அந்தச் சொட்டை எழுதும்போது இருளப்பனுக்கே கண் கலங்கியது. இதைப் பார்த்து அந்த வாத்தியார் பரம்பரையே தலை குனியட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் புத்தகத்தை ஓரமாகப் போட்டுவிட்டு, புதியதைப் பாயில் வைத்தார். குரு முறத்தோடு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

சத்தமே இல்லை. தாள் புரளும் ஓசை மட்டும் கேட்டது.

"என்ன தாத்தா," என்றான் மிக்கேல். "எல்லாரும் எழவு வீட்டுக்குப் போற மாதிரியே இருக்காக?"

"எங்க அத்தா சிரிப்பாக," என்றாள் மைதீன்பாத்து. "இதுல ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்காக."

ஒருவன் ஒரு பக்கத்தைத் தட்டிக் காட்டினான். "ஏட்டி வடிவு, இங்க பாரு, இது நீ."

வடிவு எட்டிப் பார்த்தாள். அவள் முகம் சிறுத்துப் போயிற்று.

"அது நான் இல்ல."

"கம்பு இருக்கு. காலு இருக்கு. நீதாம்ட்டி."

"அது அழுவுது. நான் எதுக்கு அழப்போறேன்?"

அவள் தாளைப் புரட்டிப் புரட்டி எதையோ தேடினாள்.

"தாத்தா, அந்த ஆடு எங்க?"

"ஆடு இல்லட்டி. இது வேற புத்தகம்."

"ஆடாவது இருந்திருக்கலாம்," என்றாள் வடிவு. புத்தகத்தை மூடி அடுத்த பிள்ளையிடம் தள்ளினாள்.

இருளப்பன் விருட்டென்று எழுந்தார். தூரிகைகளை ஒரு துணியில் சுருட்டிக் கட்டினார். குருவிடம் வந்தார்.

"நான் கிளம்புதேன் அம்மா."

"ஏன் அண்ணாச்சி?"

"படத்துல அவ இல்லன்னா ஆட்டைப் பிடிக்கா. அவளைப் போட்டா நான் இல்லங்கா. இதுக்குமேல எனக்குப் போடத் தெரியாது. பிள்ளைகளுக்கு நல்லது செய்ய வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"சரி."

நில்லுங்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்த இருளப்பனுக்கு இது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"அப்ப வாரேன்."

"நெத்திலிக் குழம்பு கொதிக்குது. சாப்பிட்டுட்டுக் கோவிச்சுக்கிடுங்க."

நெத்திலிக் குழம்பு வாசம் வீசிக்கொண்டுதான் இருந்தது. இருளப்பன் சாப்பிட்டார். யாரோடும் பேசவில்லை. இரண்டாவது முறை குழம்பு கேட்கும்போதுகூடக் கையை மட்டும்தான் நீட்டினார்.

கை கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுத்துப்போக உள்ளே வந்தார்.

பிள்ளைகள் எல்லோரும் வெளியே இருந்தார்கள். வடிவு மட்டும் பாயில் குப்புறப் படுத்திருந்தாள். முன்னால் இரண்டு புத்தகங்களும் கிடந்தன. முதல் புத்தகம் திறந்திருந்தது. அவள் கையில் ஒரு துண்டு சிரட்டைக்கரி. இலை இலையாக எழுதிய மாமரத்தின்மேலும், வரிசை பிசகாத ஓடுகளின்மேலும் கறுப்புக் கோடுகள் ஓடின.

"புத்தகத்தை நாசம் பண்ணவா வந்தே!"

சத்தம் கூரையில் போய் இடித்தது. இருளப்பனின் கை தலைக்குமேல் போயிருந்தது.

வடிவு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கரி இருந்த கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். விரல் முட்டி தெரியாதபடி ஒளித்தாள்.

அந்தச் சத்தம் யாருடையது என்று இருளப்பனுக்குத் தெரியும். அந்தச் சொல் ஒவ்வொன்றும் தெரியும். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

மேலே போன கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு பாயில் உட்கார்ந்தார்.

வடிவு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மற்றக் கண்ணையும் திறந்தாள்.

"என்னட்டி போட்டிருக்கே?"

"ஒண்ணுமில்ல."

"சும்மா சொல்லு. அடிக்க மாட்டேன்."

"இது நான்."

"வீட்டுக்கு மேலயா ஏறி நிக்கே?"

"மேல இல்ல. கீழ எடம் இல்ல, எல்லாத்துலயும் ஓடு போட்டு வச்சிருக்கிய. அதான் மேல போட்டேன்."

"இது என்ன?"

"என் கம்பு."

"கம்பு ஏன் ஆகாசத்தைப் பாத்து இருக்கு?"

வடிவு அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "கொடுக்காப்புளி பறிக்கேன் தாத்தா. உங்க மரத்துல அது இல்ல. நான் போட்டுக்கிட்டேன்."

"கீழ வட்டம் வட்டமா?"

"இவுக எல்லாரும். வாயப் பொளந்துட்டு நிக்காக. இந்தப் பெரிய வட்டம் மிக்கேலு."

பின்னால் ஓசை கேட்டு இருளப்பன் திரும்பினார். குரு வாசலில் நின்றிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. கரித்துண்டைப் பாயில் யார் வைத்தது என்றும் இருளப்பன் கேட்கவில்லை.

"புத்தகம் கெட்டுப்போச்சு அம்மா," என்றார்.

"அந்தக் கெட்டதைப் பாத்துப் போடுங்க," என்றார் குரு.

தூரிகைக் கட்டை இருளப்பன் அவிழ்த்தார். ஆனால் உடனே வரையவில்லை. அன்றைக்கு விளையாட்டு மணி அடித்ததும் அவரும் பிள்ளைகளோடு வெளியே போனார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொடுக்காப்புளி மரம் நின்றது. இத்தனை மாதம் அதே பாயில் வடிவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவர், இந்த மரத்தடிக்கு இதுவரை வந்ததில்லை.

வடிவு அடிமரத்தில் முதுகைச் சாய்த்து ஒற்றைக் காலில் நின்றாள். கக்கத்துக் கம்பை எடுத்துத் தலைகீழாகப் பிடிக்காமல், கவட்டை மேலே இருக்கும்படியே உயர்த்தினாள். முறுக்கு மாதிரி சுருண்டு கிடந்த ஒரு கொத்தைக் கவட்டைக்குள் மாட்டி ஒரு திருகு திருகினாள். கொத்து அறுந்து விழுந்தது. கீழே ஒரே கூச்சல்.

"வடிவு, எனக்கு! எனக்கு!"

"போன தடவை உனக்குத்தாம்ல. மைதீன்பாத்து, நீ வா. தாத்தா, நீங்க ஏன் நடுவுல நிக்கிய? வரிசைல வாங்க."

இருளப்பன் வரிசையில் நின்றார். முறை வந்ததும் ஒரு சுருள் கிடைத்தது. வெள்ளைச் சதை வாயில் துவர்த்து இனித்தது. விதையைத் துப்பிவிட்டு மறுபடியும் போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்," என்றாள் வடிவு.

அடுத்தடுத்த நாட்களில் அவர் வெளியேதான் கிடந்தார். மிக்கேல் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். மைதீன்பாத்து பாண்டி ஆடினாள். கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சாதித்தாள். உப்புக் குவியலின்மேல் பிள்ளைகள் ஏறிச் சறுக்கி, மேஸ்திரி விரட்டியதும் காலெல்லாம் வெள்ளையாக ஓடி வந்தார்கள். வடிவின் அப்பா அளத்திலிருந்து வரும்போது அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார்; அவள் கம்பால் அவர் தலைப்பாகையைத் தட்டிவிட்டாள்.

மூன்றாவது புத்தகத்தைப் போடும்போது அந்த வாத்தியார் ஒரு தடவைகூட நினைப்பில் வரவில்லை. பிறகு ஒருநாள் தூரிகை கழுவும்போது அது ஞாபகம் வந்து, வராமல் போனதற்காக அவருக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

ஆட்டை மறக்காமல் போட்டார். கிணற்றையும் போட்டார். கிணறு எல்லா ஊரிலும் இருக்கிறதே.

பாயில் புத்தகம் வந்தது. குரு முறத்தை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"கவட்டைக்கம்பு நான்!" மிக்கேல் பாய்ந்து விரலை வைத்தான்.

"போல, அது பொட்டப்பிள்ளைலா!"

"இருந்தா என்ன? நான்தான் முதல்ல வச்சேன்!"

"இல்ல, நான்தான் வச்சேன்! என் விரலு அடியில இருக்கு பாரு!" என்றாள் மைதீன்பாத்து.

நாலைந்து விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வடிவு தன் கம்பை எடுத்து அந்த விரல்களின்மேல் லேசாக வைத்தாள்.

"கம்பு யாருது?" என்று கேட்டாள்.

விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

"அப்ப, இது நான்," என்றாள் வடிவு.

மிக்கேல் முணுமுணுத்துக்கொண்டே கீழே வாய் பிளந்து நின்ற பையனைப் பிடித்தான். "ஏன் தாத்தா, வாயை இம்புட்டுப் பெருசாவா போடுவிய?"

"குறைச்சுத்தாம்ல போட்டிருக்கேன்," என்றார் இருளப்பன்.

மைதீன்பாத்து பாண்டி ஆடுகிறவளைப் பிடித்தாள். "கோட்டை மிதிக்கிற மாதிரி போட்டுட்டியளே," என்று சண்டைக்கு வந்தாள். உப்புக் குவியலில் சறுக்குகிறவர்கள் எல்லோருக்கும் ஆள் கிடைத்தது. தூங்குகிறவனுக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஆட்டை யாரும் தொடவில்லை. அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது.

இருளப்பன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் பார்த்தார்.

"என்ன அம்மா? அச்சுக்கு அனுப்பலாமா?"

குரு திரும்பவில்லை.

"எல்லாரும் எடம் பிடிச்சாச்சா?"

"ஆச்சு டீச்சர்!"

"ஆகலையே. அந்தப் பாயில ஒருத்தர் இன்னும் விரல் வைக்கல."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து இருளப்பனைப் பார்த்தார்கள்.

"எனக்கு எதுக்கும்மா?" என்று சிரித்தார் அவர். "போட்டவனே நான்தானே."

"நீங்களும் முதல் வகுப்புத்தான தாத்தா," என்றான் மிக்கேல். "இன்னும் பாதி எழுத்துத் தெரியாதுலா உங்களுக்கு."

புத்தகம் அவர் மடிக்கு வந்தது. வேறு வழியில்லாமல் புரட்டினார். தன் கையால் போட்ட படங்கள்தான். வள்ளத்தைப் பார்த்தார். உப்புக் குவியலைப் பார்த்தார். கிணறு இருந்த தாள் வந்ததும் கை நின்றது.

கிணற்றடியில் ஒரு அம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் மைதீன்பாத்துவின் உம்மா ஜாடையில் இருந்தாள், ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு இடம் வெறுமையாக இருந்தது. முதல் புத்தகத்திலும் அந்த இடத்தை வெறுமையாகத்தான் விட்டிருந்தார். ஏன் விட்டோம் என்று இரண்டு முறையும் அவர் யோசிக்கவில்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள்.

"சீக்கிரம் தாத்தா. விளையாடப் போகணும்."

இருளப்பன் அந்த வெற்றிடத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது நான்."

வடிவு குனிந்து, அவர் விரலை நகர்த்திப் பார்த்தாள்.

"அங்க யாரும் இல்லையே தாத்தா."

இருளப்பன் விரலை மறுபடியும் அங்கேயே வைத்தார்.

முறத்தில் ஒரு கல் அகப்பட்டது. குரு அதை எடுத்து வெளியே எறிந்தார். திரும்பாமலேயே சொன்னார்:

"வடிவு, அந்தக் கரியைத் தாத்தா கையில குடு."